அந்தமான் நினைவிடங்கள்: சட்டகத்துக்கு வெளியே நிற்பவை எவை?

புது தில்லி: 2004-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு பலகைக்காக நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அமளியில் மூழ்கின. அந்தமான் செல்லுலர் சிறை வளாகத்தில் எழுப்பப்பட்ட சுதந்திர ஜோதிக்கு அருகே சாவர்க்கரின் வாசகம் பொறித்த பலகை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதை அகற்றிவிட்டு மகாத்மா காந்தியின் வாசகத்தை வைக்கச் செய்தார், அப்போதைய பெட்ரோலியத் துறை அமைச்சரும் மயிலாடுதுறை மக்களவை உறுப்பினருமான மணிசங்கர் அய்யர். பாஜகவும் சிவசேனையும் கொதித்தெழுந்தன. ஆட்சி மாறிய பிறகு, 2015-ல் சாவர்க்கர் பலகை மீண்டும் இடம்பெற்றது.

அன்று அவையில் குரல் எழுப்பிய உறுப்பினர்களில் எத்தனை பேர் அந்த இடத்தை நேரில் கண்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம். பலகையை மட்டும் நெருக்கத்தில் காட்டும் படம் ஒரு கட்சிக்கு உதவும்; அது இருந்த வெற்றிடத்தைக் காட்டும் படம் இன்னொரு கட்சிக்கு உதவும். பலகை, பீடம், அதன் பின்னால் உள்ள சிறைக் கிளை, அதற்கப்பால் நிற்கும் மருத்துவமனை, கடல் என அனைத்தையும் ஒரே பரப்பில், பொறித்த எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் துல்லியமாகக் காட்டும் படம் யாருக்கும் தனியாக உதவாது. அத்தகைய படங்களை எடுக்கும் தொழில்நுட்பம் வந்து கால் நூற்றாண்டு ஆகப் போகிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நினைவிடங்களையும் மக்கள் வாழ்வையும் அவ்வாறு முறையாகப் பதிவு செய்வது யாருடைய பொறுப்பு என்ற கேள்வி தில்லியில்தான் எழுப்பப்பட வேண்டும். ஏனெனில் இந்த யூனியன் பிரதேசத்துக்குச் சட்டப்பேரவை கிடையாது. மாநிலங்களவையில் ஓர் இடம்கூட இல்லை. மக்களவையில் இருப்பது ஒரே ஓர் உறுப்பினர்.

துண்டுகளை ஒட்டும் கலை: ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி, அதைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மீது படியுமாறு பல படங்களை எடுத்து, பின்னர் கணினியில் இணைப்பதே பனோரமா எனப்படும் அகலப் படம். சாதாரண அகலப் படத்துக்குப் பத்துப் படங்கள் போதும். நூறு கோடிப் புள்ளிகளைக் கொண்ட படம் வேண்டுமானால் கணக்கு மாறும். 1.2 கோடிப் புள்ளிகள் கொண்ட கேமராவால், நீளத்திலும் உயரத்திலும் 30 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்தால் ஏறத்தாழ 170 படங்கள் தேவை. ஒரு படத்துக்கு அரை நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் நிழல் நகரும், மேகம் மாறும். ஒளியளவை எல்லாப் படங்களுக்கும் ஒரே நிலையில் பூட்டிவைக்க வேண்டும். கேமராவின் உடலை அச்சாகக் கொள்ளாமல், லென்சுக்குள் ஒளி குறுகும் புள்ளியை அச்சாகக் கொண்டு திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் அருகில் உள்ள கம்பியும் தொலைவில் உள்ள சுவரும் பொருந்தாமல் போகும். சிறைக் கம்பிகளைப் படம்பிடிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

செவ்வாய் கிரகத்தில் 2004-ல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகள் அனுப்பிய படங்கள் இவ்வாறே இணைக்கப்பட்டன. அந்த அனுபவத்தைக் கொண்டு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையமும் சேர்ந்து, கேமராவைத் தானே திருப்பிப் படம் எடுக்கும் ஜிகாபேன் என்ற கருவியை உருவாக்கின. 2009 ஜனவரி 20-ல் ஒபாமா பதவியேற்றபோது ஒரு புகைப்படக்காரர் இக்கருவியைக் கொண்டு 220 படங்களை இணைத்து, 147 கோடிப் புள்ளிகள் கொண்ட படத்தை வெளியிட்டார். கூட்டத்தில் நின்றவர்களின் முகங்களைத் தனித்தனியே பெரிதாக்கிப் பார்க்க முடிந்தது.

ஆனால் இந்தக் கலை தமிழகத்துக்குப் புதிதல்ல. 1858-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி, ஏறத்தாழ 20 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கணினி இல்லை, பிலிம் சுருள்கூட இல்லை. அடுத்த சில ஆண்டுகளிலேயே அவரது பிரிவு மூடப்பட்டது. புகைப்படக்கலை அரசுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று கருதினார் அன்றைய சென்னை ஆளுநர் டிரெவெல்யன். நிதித்துறைக் கோப்புகளின் மொழி அன்றும் இன்றும் அதிகம் மாறவில்லை.

அதே பெரிய கோயிலில் உள்ள ராஜேந்திர சோழனின் கல்வெட்டு, கடல் கடந்து அவன் படை சென்ற இடங்களின் வரிசையில் மாநக்கவாரத்தையும் குறிப்பிடுகிறது. அது இன்றைய நிக்கோபார் தீவுகள் என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டிய மத்திய அரசு, சோழர்களின் கடற்படைத் தளமாக இத்தீவுகள் விளங்கியதை நினைவுகூர்ந்தது. சோழர் படை சென்று தாக்கிய அரசின் பெயரல்லவா ஸ்ரீவிஜயம் என்று தமிழ் வாசகர்கள் கேட்கலாம். பெயர் சூட்டுவோர் கல்வெட்டை முழு நீளத்துக்கும் படிப்பதில்லை.

ஒரே கண் பார்க்கும் கட்டடம்: அகலப் படத்துக்கென்றே கட்டியது போன்ற அமைப்பு செல்லுலர் சிறையினுடையது. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட இச்சிறையில், நடுக் கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஏழு கிளைகள் பிரிந்தன. ஒவ்வொன்றும் மூன்றடுக்கு. மொத்தம் 693 அறைகள். ஒவ்வோர் அறையும் பதின்மூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம் மட்டுமே. ஒரு கிளையின் முன்பக்கம் அடுத்த கிளையின் பின்பக்கத்தைப் பார்த்தவாறு அமைக்கப்பட்டதால், கைதி எவரும் மற்றொரு கைதியின் முகத்தைக் காண இயலாது. கோபுரத்தில் நிற்கும் காவலர் ஒருவரால் எல்லாக் கிளைகளின் தாழ்வாரங்களையும் கண்காணிக்க முடியும். ஒருவர் எல்லோரையும் பார்க்கும் சிறை என்று ஆங்கிலச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாம் 18-ஆம் நூற்றாண்டில் முன்வைத்த திட்டத்தின் சாயல் இது.

இன்று அதே கோபுரத்தின் உச்சியில் கேமராவை வைத்து ஒரு முழு வட்டம் திருப்பினால் ஏழு கிளைகள் கிடைக்கா; மூன்றுதான் கிடைக்கும். 1941-ல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் சிறை சேதமடைந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் இரண்டு கிளைகள் இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றில் மேலும் இரண்டை இடித்தது ஜப்பானியரோ ஆங்கிலேயரோ அல்லர், சுதந்திர இந்தியா. அந்த இடத்தில் 1963-ல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை வந்தது. சிறையைக் காப்பாற்ற வேண்டும் என்று முன்னாள் அரசியல் கைதிகள் தொடர்ந்து போராடிய பிறகே மீதி பிழைத்தது. 1979 பிப்ரவரி 11-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் இதை தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். 1998 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு மேல் நகரவில்லை.

சுற்றுலாத் துறையின் வழக்கமான படங்களில் மருத்துவமனை வராது. கேமராவைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டால் போதும், அது மறைந்துவிடும். முழு வட்டப் படத்தில் அவ்வாறு திருப்பிக்கொள்ள இடமில்லை. இடிந்த கிளை எந்தக் கோணத்தில் ஓடியது, மருத்துவமனைக் கட்டடம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை அளந்து பார்க்க முடியும். கோபுரத்தின் உட்புறம் மாகாண வாரியாகப் பதிக்கப்பட்டுள்ள பளிங்குப் பலகைகளில் கைதிகளின் பெயர்கள் உள்ளன. யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை, எப்போது சேர்க்கப்பட்டது என்ற சர்ச்சைகள் ஓயாத நாட்டில், தேதியுடன் கூடிய, ஒவ்வோர் எழுத்தும் படிக்கக்கூடிய பதிவு ஒரு சாட்சிப் பத்திரம் ஆகும். 2003 பிப்ரவரியில் சாவர்க்கரின் படம் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் திறந்துவைக்கப்பட்டபோது எழுந்த விவாதம் இன்னும் ஓயவில்லை என்பதை அரசியல் நோக்கர்கள் அறிவர்.

செல்லுலர் சிறையின் புகழில் பிற நினைவிடங்கள் மங்கிக் கிடக்கின்றன. 1943 டிசம்பர் 30-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இத்தீவில் மூவர்ணக் கொடி ஏற்றினார். அதன் 75-ஆம் ஆண்டையொட்டி 2018-ல் பிரதமர் மோடி அங்கு சென்று, ராஸ் தீவுக்கு நேதாஜியின் பெயரைச் சூட்டினார். நேதாஜி கொடி ஏற்றிய சரியாக ஒரு மாதத்தில், 1944 ஜனவரி 30-ல், ஹம்ப்ரிகஞ்ச் என்ற இடத்தில் 44 இந்தியர்களை ஜப்பானியர்கள் சுட்டுக் கொன்றனர். உளவு பார்த்ததாகக் குற்றச்சாட்டு. நேதாஜியின் இயக்கத்தோடு இணைந்திருந்த இந்திய சுதந்திரக் கழகத்தைச் சேர்ந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். அங்கேயும் நினைவிடம் உண்டு. அவர்களைப் பற்றி அவைகளில் அமளி எதுவும் நடந்ததில்லை. வைபர் தீவின் தூக்குமேடை, வைஸ்ராய் மேயோ பிரபுவை 1872-ல் குத்திக் கொன்ற ஷேர் அலி தூக்கிலிடப்பட்ட இடம். அந்தமானியப் பழங்குடியினர் 1859-ல் ஆங்கிலேயரை எதிர்த்து வில்லுடன் மோதிய அபர்தீன் போருக்கும் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. பலகை யாருக்கு இருக்கிறது என்பதைவிட, பலகைக்கு எதிரே யார் வந்து நிற்கிறார்கள் என்பதே தீவுகளின் அரசியல்.

காவடியும் இரட்டைத் தலையும்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் 3.8 லட்சம் பேர் வசிக்கின்றனர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 சதவீதம். வங்காளிகள், மலபார் கலவரத்துக்குப் பிறகு அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமாரின் வழித்தோன்றல்கள், பர்மாவிலிருந்து வந்த கரேன் இனத்தவர், ராஞ்சியிலிருந்து மரம் வெட்ட வந்த தொழிலாளர்கள் எனப் பலரும் அடுத்தடுத்துக் குடியேறிய நிலம் இது. கல்லில் பொறித்த நினைவிடங்கள் ஆண்டவர்களையும் அடைபட்டவர்களையும் பற்றிப் பேசுகின்றன. குடியேறியவர்களின் வரலாறு சந்தையிலும் படகுத் துறையிலும் கோயில் தெருவிலும்தான் கிடைக்கும். ஸ்ரீ விஜயபுரத்தில் வெற்றிமலை முருகன் கோயில் பங்குனி உத்திரத்தைக் காணும் எவரும் இதை உணர்வர்.

இங்கேதான் தொழில்நுட்பம் சற்றுத் தடுமாறுகிறது. கல் நகராது, காவடி நகரும். கேமரா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திரும்புவதற்குள் காவடி எடுத்தவர் நான்கு அடி முன்னே போயிருப்பார். இணைத்த படத்தில் ஒரே பக்தர் இரண்டு இடங்களில் நிற்பார்; அல்லது ஒருவருடைய தலையும் மற்றொருவருடைய காலும் சேர்ந்துவிடும். கூட்டத்தை எடுக்கும்போது ஒவ்வொரு பகுதியையும் இரண்டு மூன்று முறை எடுத்து, முழு உருவம் உள்ள படத்தைத் தேர்ந்தெடுத்து இணைக்கிறார்கள். அப்படியானால் அது எந்த நொடியின் படம்? எந்த ஒரு நொடியின் படமும் அன்று. ஒரு மணி நேரத்தின் படம். இதைப் படத்தின் கீழ் எழுதி வைப்பதே நேர்மை.

எடுக்கக் கூடாத படம்: அந்தமானில் கேமராவின் வரலாறு அவ்வளவு பெருமைக்குரியதன்று. 1857-ன் இறுதியில், சிப்பாய்க் கிளர்ச்சிக் கைதிகளை அடைக்க இடம் தேடி ஆங்கில அரசு அனுப்பிய மௌவட் குழுவில் ஒரு புகைப்படக்காரரும் இருந்தார். அக்குழு ஓர் அந்தமானிய இளைஞரைப் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனது. "ஜாக்" என்று பெயர் சூட்டப்பட்ட அவர் அங்கே படம் பிடிக்கப்பட்டார். 1858 மார்ச் 10-ல் முதல் கைதிகள் வந்து இறங்குவதற்கு முன்பே இது நடந்துவிட்டது. அதாவது, தீவுகளுக்குச் சிறையைவிட முன்னதாக வந்தது கேமரா. 1890-களில் போர்ட்மேன் என்ற அதிகாரி, கட்டம் போட்ட பலகையின் முன் அந்தமானியர்களை நிறுத்தி, உடல் அளவுகளுடன் வரிசை வரிசையாகப் படமெடுத்து பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினார். துல்லியத்தில் குறை சொல்ல முடியாத படங்கள். நிறுத்தப்பட்டவர்களின் இனம் 1901 கணக்கெடுப்பில் 625 பேராகச் சுருங்கியிருந்தது.

1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் ஜாரவாக்களின் காப்புப் பகுதிக்குள் நுழைவதைத் தடை செய்கிறது. ஆனாலும் அப்பகுதியை ஊடுருவிச் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையில் வாகன வரிசைகள் ஓடுகின்றன. சாலையை மூடுமாறு 2002-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகும் போக்குவரத்து நிற்கவில்லை. 2012 ஜனவரியில், சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவாப் பெண்கள் ஆட வைக்கப்பட்ட வீடியோ ஒன்றை லண்டன் நாளிதழ் வெளியிட்டது. நாடு தலைகுனிந்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஜாரவாக்களைப் படமெடுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இதில் விதிவிலக்கு கேட்க எந்த ஆவணத் திட்டத்துக்கும் நியாயம் இல்லை. எல்லாவற்றையும் பார்க்க முடியும் என்பதாலேயே எல்லாவற்றையும் பார்க்கும் உரிமை வந்துவிடாது. நிக்கோபாரியர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் கிராமந்தோறும் கேப்டன் என்று அழைக்கப்படும் தலைவர் உண்டு, பழங்குடியினர் மன்றம் உண்டு, துகேத் என்ற கூட்டுக் குடும்ப முறை உண்டு. அவர்களிடம் முறையாகக் கேட்கலாம். மறுத்தால் திரும்பி வரலாம். மக்கள் வாழ்வைப் படமாக்க நினைப்போர் 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. நூறு கோடிப் புள்ளிகள் உள்ள படத்தில் முகம் இல்லாத கூட்டம் என்று ஒன்று கிடையாது. போதாக்குறைக்கு, 2001 முதல் முப்படைகளின் கூட்டுக் கட்டளையகம் செயல்படும் இடம் அந்தமான். துறைமுகம் சட்டகத்துக்குள் வந்தால் கடற்படையின் அனுமதியும் தேவைப்படும்.

கடல் விழுங்கிய முன்படம்: இவ்வளவு தடைகளுக்கு நடுவிலும் இப்பணி ஏன் அவசரமானது என்பதற்குப் பதில் 2004 டிசம்பர் 26. அரசுக் கணக்கின்படியே இத்தீவுகளில் இறந்தோரும் காணாமல் போனோரும் 3,500-க்கும் மேல். இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது. அதிக உயிர்களைப் பறிகொடுத்த தீவுகளில் ஒன்று கச்சால். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்ட தீவு அது. செயற்கைக்கோள் படங்கள் கடல் எவ்வளவு நிலத்தை விழுங்கியது என்பதைக் காட்டின. எந்த வீட்டுக்கு எதிரே எந்தத் தென்னை நின்றது, கல்லறை எங்கிருந்தது, படகு எங்கே இழுத்துப் போடப்பட்டது என்பதை அவை காட்டா. கார் நிக்கோபாரில் தேன்கூடு போன்ற கூரைகளைக் கொண்ட வீடுகள் அழிந்து, தகரக் கொட்டகைகளும் பின்னர் அரசு கட்டிய நிரந்தர வீடுகளும் வந்தன. கூட்டுக் குடும்பம் ஒன்றாக வாழ்ந்த முற்றம் அரசின் வரைபடத்தில் இல்லை.

பாரிஸ் நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரலில் தீப்பற்றியபோது, ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சில ஆண்டுகளுக்கு முன் எடுத்துவைத்திருந்த லேசர் அளவீடுகளும் அகலப் படங்களும் மறுகட்டுமானத்துக்குக் கைகொடுத்தன. தீப்பிடிக்கும் என்று எதிர்பார்த்து அவர் அவற்றை எடுக்கவில்லை. தீவுகளின் நிலை அவ்வாறன்று. நிலநடுக்க மண்டலத்தில் மிக ஆபத்தானதில் அவை இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

எடுத்தால் மட்டும் போதாது, வைத்துக் காக்கவும் வேண்டும். படங்களை இணைத்துக் காட்ட மைக்ரோசாப்ட் 2008-ல் தொடங்கிய ஃபோட்டோசிந்த் சேவை 2017-ல் மூடப்பட்டது. அக்காலத்து அகலப் படங்கள் பலவற்றைத் திறந்து காட்டிய பிளாஷ் மென்பொருளின் ஆயுள் 2020 டிசம்பரோடு முடிந்தது. டிரைப் ஒட்டிய காகிதம் 160 ஆண்டுகளைத் தாண்டி இருக்கிறது. மூலப் படங்களைத் தனித்தனியாக, எடுத்த தேதியும் இடமும் குறித்து, பொது ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்காத எந்தத் திட்டமும் சுற்றுலா விளம்பரமாகவே முடியும். இந்திய மானுடவியல் ஆய்வுத் துறையின் மண்டல மையம் தீவுகளிலேயே இருக்கிறது. புதிய அமைப்பு எதையும் தொடங்க வேண்டியதில்லை.

இப்போது காலம் மேலும் குறுகியிருக்கிறது. கிரேட் நிக்கோபார் தீவில் கலாத்தியா விரிகுடாவில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம் ஆகியவற்றை அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டது. 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்காக மாற்றப்படுகிறது. திட்டம் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் நாடாளுமன்றத்தில் மரங்களின் எண்ணிக்கையை வைத்து வாதிடுகின்றனர். சுனாமிக்குப் பிறகு கேம்பல் விரிகுடா அருகே முகாம்களில் குடியமர்த்தப்பட்ட நிக்கோபாரியர்கள், தெற்கிலும் மேற்கிலும் உள்ள தங்கள் பழைய கிராமங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று தொடர்ந்து கேட்டு வருகின்றனர். முதலில் கொடுத்த ஒப்புதலை, விவரம் முழுமையாகச் சொல்லப்படவில்லை என்று கூறி, 2022 நவம்பரில் அவர்களின் பழங்குடியினர் மன்றம் திரும்பப் பெற்றது. அந்தக் கிராமங்கள் எங்கே இருந்தன, எந்த மரம் யாருடையது, எல்லைக் கல் எது என்பதைச் சுட்டிக் காட்டக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பினால், அவர்களையே உடன் அழைத்துச் சென்று, கரையில் ஒரு முக்காலியை நிறுத்தி முழு வட்டம் படமெடுக்க ஒரு நாள் போதும்.